கரையில் வளரும் நாய்க்கு ‘விடு’ தெரிந்திருக்க வேண்டும்

எங்கள் ராமநாதபுரம் கரையில் நாய்க்கு ஆபத்து வாய் வழியாகத்தான் வரும். வலையை உதறிப் பிரிக்கிற இடத்தில், விலை போகாது என்று தூக்கிப் போட்ட பேத்தை மீன் வயிறு உப்பி மணலில் கிடக்கும். குட்டி நாய்க்கு என்ன தெரியும்? கவ்விக்கொண்டு ஓடிவிடும். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கிற விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. சுட்டாலும் அவித்தாலும் வெயிலில் காய்ந்தாலும் அந்த விஷம் போகாது. முதலில் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், பின்னங்கால் தள்ளாடும். அப்புறம் மூச்சு விடுகிற தசைகளே வேலை செய்யாமல் நின்றுவிடும்.

பேத்தை ஒன்றுதான் என்றும் இல்லை. தூண்டில் முள் செருகிய சூடை மீன், கெளுத்தி முள், அறுத்துப் போட்ட திருக்கை வால், மீன் வாசம் ஏறிய நைலான் வலைத் துண்டு என்று கரை நெடுக நாயின் மூக்கை இழுக்கிற பொருள்தான். தாகத்துக்குக் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடக்கிற நாய்களும் உண்டு. நல்ல தண்ணீருக்கு மனிதர்களே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊர், நாய்க்கு யார் தனியாக வைக்கப்போகிறார்கள்?

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாய்க்குப் பயிற்சி வகுப்பு என்றதும் எல்லோருக்கும் ‘ஷேக் ஹேண்ட்’தான் ஞாபகம் வருகிறது. விருந்தாளி வந்தால் கையைக் கொடுக்கும், பந்தை எடுத்து வரும், வீட்டில் உள்ளவர்கள் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு எண்ணம். உச்சிப்புளியைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் வகுப்புக்கு எங்கள் வீட்டுச் செவலையைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: கடற்கரையில் வளர்கிற நாய்க்கு இந்தப் படிப்பு உயிர்க்காவல். அதிலும் மீன் இறங்குகிற இடத்தில் பிறந்த நாட்டு நாய்க்குத்தான் முதலில் தேவை.

செவலையைக் கொண்டுவந்தது என் மகன். விசைப்படகுகள் கட்டுகிற இடத்துக்குப் பின்னால், பழைய ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடந்த குட்டி. வகுப்பில் சேர்க்கப் போகிறேன் என்றதும் என் மாமியார், “நாய்க்குப் போய் பள்ளிக்கூடமா? நாய் வாலை நிமித்த முடியுமா ஆத்தா?” என்றார். வாலை யாரும் நிமிர்த்தவில்லை அத்தை, வாயைத்தான் பழக்கப்போகிறோம் என்றேன். பேத்தை தின்று செத்த நாய்களை என்னைவிட அதிகம் பார்த்தவர் அவர். சரி போ என்றுவிட்டார்.

தோப்பில் பாடம் எடுப்பவரை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ராணுவத்தில் நாய்களோடு வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். ராணுவ நாய்களுக்கான பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது. அங்கே கற்றுக்கொண்டு, எல்லையில் பல வருடம் நாயோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்தவர். வெயில் ஏறுமுன் வகுப்பை முடித்துவிடுவார். நாய் மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். புறங்கையை மணலில் வைத்துப் பார்ப்பார். சில நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

வருகிறவர்கள் பலவிதம். தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர் டாபர்மேனோடு வருவார். மண்டபத்திலிருந்து ஒரு தம்பதி, அவர்களுடைய லேப்ரடாருக்கு எதைப் பார்த்தாலும் சந்தோஷம். ராமநாதபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி சிப்பிப்பாறைக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். ஆட்டுக்கிடை போடுகிற குடும்பத்துப் பையன் ஒருவன், கூடவே ஒரு மந்தை நாய். அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

குட்டியை எந்த வயதில் கொண்டுவருவது என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். ஆறு மாதம் ஆகட்டும், கொஞ்சம் விவரம் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாயின் விஷயத்தில் அது தலைகீழ். பிறந்து 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைக்கும்தான் குட்டியின் மனம் முழுசாகத் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் பார்த்த, கேட்ட, மோந்த எதுவும் பிறகு அதற்குப் பயமாக இருக்காது. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நாய்க்குட்டிகளைப் பல வருடம் கவனித்து இதை நிலைநாட்டினார்கள். அதே இடத்தில் நடந்து 1961-ல் வெளியான ஒரு ஆய்வில், 14 வாரம் வரை மனித வாடையே படாமல் வளர்த்த குட்டிகள் காட்டு விலங்கைப் போல மனிதரைக் கண்டு மிரண்டன. பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் அந்த மிரட்சி சரியாகவில்லை.

நம் தெருக்களில் குடை பிடித்தவரைக் கண்டால் குரைக்கிற, பர்தா அணிந்தவரைக் கண்டால் பாய்கிற, சைக்கிளைத் துரத்துகிற நாய்களை நினைத்துப் பாருங்கள். பிறவிக் குணம் என்று சொல்லிவிடுகிறோம். பல நாய்களுக்கு அது பார்த்துப் பழகாத பயம்தான். அதனால் மாஸ்டரின் குட்டி வகுப்பில் முதல் பாடம் உட்காருவதோ நிற்பதோ அல்ல. தார்ப்பாயை உதறுவார். தகர டின்னைத் தட்டுவார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வருவார். ஐஸ் பெட்டியைத் தரையில் இழுக்கச் சொல்வார். மீன் கூடைக்காரம்மா ஒருவர் தோப்பு வழியாகப் போவார். அவரை நிறுத்தி, கூடையை இறக்கி வைத்துக் குட்டிகளுக்கு மீன் கொடுக்கச் சொல்வார். ஒவ்வொன்றும் தூரத்தில் தொடங்கும். குட்டி நிம்மதியாக இருந்தால் ஒரு எட்டு பக்கத்தில். காதைப் பின்னால் மடித்தால், வாலை இடுக்கினால், கொட்டாவி விட்டு உதட்டை நக்கினால் உடனே பின்வாங்கிவிடுவார். தூக்கம் வராத நேரத்தில் நாய் கொட்டாவி விட்டால் மனசு சரியில்லை என்று அர்த்தம். இதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பூசி முழுசாக முடியாமல் குட்டியை வெளியே விட்டால் பார்வோ என்கிற கொடிய வயிற்றுப்போக்கு நோய் வந்துவிடும் என்று பயம், அது நியாயமான பயம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசியெல்லாம் முடியட்டும் என்று 16 வாரம் வரை வீட்டுக்குள்ளேயே அடைத்தால், மனம் திறந்திருக்கிற காலம் போய்விடும். பல நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கிற வழியைத்தான் மாஸ்டரும் பின்பற்றுகிறார்: முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும், குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், குட்டிக்கு 7, 8 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி அட்டையைக் காட்டாமல் தோப்புக்குள் கால் வைக்க முடியாது. தெரு நாய்கள் நடமாடுகிற இடத்தில் அந்த வயதுக் குட்டியை இறக்கிவிடக் கூடாது, தூக்கிக்கொண்டே சுற்றிக் காட்ட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் வருடா வருடம். இதில் அவர் யாருக்கும் சலுகை தருவதில்லை.

தாயிடமிருந்து குட்டியைச் சீக்கிரம் பிரிப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கண் திறந்து கொஞ்ச நாளிலேயே ‘குட்டி இருக்கு, வேணுமா’ என்று கை மாறிவிடுகிறது. 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான் குட்டி பல்லின் அளவைக் கற்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அப்படி நின்று நின்றுதான் எவ்வளவு அழுத்தலாம் என்று அதற்குப் பிடிபடுகிறது. அந்தப் பாடம் இல்லாமல் வந்த குட்டியின் பல் குழந்தையின் கையில் ஆழமாக இறங்கும். அதற்குக் கோபம் இல்லை, அளவு தெரியவில்லை.

இனி, அடி. ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. மாஸ்டரே தொடக்கத்தில் அப்படித்தான் பழகியதாகச் சொல்வார். அவர் மட்டுமா, நாய்ப் பயிற்சியின் சரித்திரமே அதுதான். ஜெர்மனியின் கோன்ராட் மோஸ்ட் 1910-ல் போலீஸ் நாய்களுக்காக வகுத்த முறையில் கட்டாயத்துக்கும் தண்டனைக்கும் பெரிய இடம் இருந்தது, அதுதான் உலகமெங்கும் பரவியது. ஓநாய்க் கூட்டத்தில் பலசாலி மற்றவற்றை அடக்கி ஆள்கிறது, அதனால் நாயிடம் நீ ‘தலைவன்’ என்று காட்ட வேண்டும் என்ற பேச்சும் அப்புறம் சேர்ந்துகொண்டது. அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக இருந்தவை அடைத்து வைத்த ஓநாய்கள், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைக்குக் கோடை கூடவே இருந்து பார்த்துவிட்டு, 1999-ல் தன் பழைய கருத்தைத் தானே திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். ஒரு குடும்பம், அவ்வளவுதான். அவர் திருத்திக்கொண்டு கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னமும் சில இடங்களில் குட்டியை மல்லாக்கத் தள்ளி அமுக்கி ‘யார் பாஸ்’ என்று காட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அடித்தால் நாய் கேட்காது என்று நான் சொல்லவில்லை. கேட்கும். ஆனால் எதைக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. மீனைக் கவ்வியதற்கு அடித்தால், மனிதர் பக்கத்தில் இருக்கும்போது மீனைக் கவ்வக் கூடாது, கவ்வினால் சட்டென்று விழுங்கிவிட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. பேத்தையை வாயில் வைத்திருக்கிற நாய்க்கு இதைவிட மோசமான பாடம் இருக்க முடியுமா? உறுமியதற்கு அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடும், உள்ளே இருக்கிற பயம் நிற்காது. அப்புறம் ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். கடித்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதையும் மாஸ்டர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

அவருடைய முறையில் கம்பு இல்லை. இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை, அதற்குள் உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்த நெத்திலி. கடையில் வாங்குகிற கருவாட்டில் உப்பு அதிகம், நாய்க்கு ஆகாது. இதற்கென்று தனியாகக் காயவைத்து, ஒவ்வொன்றையும் மூன்றாகக் கிள்ளி வைத்திருப்பார். தோப்புக்குள் அவர் வந்தாலே எல்லா மூக்கும் அந்தப் பக்கம் திரும்பும். நாய் சரியாகச் செய்கிற அந்தக் கணத்தில் நாக்கால் ‘டக்’ என்று ஒரு சொடக்கு, உடனே நெத்திலி. அந்தச் சத்தம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், நாம் ‘வெரி குட், செல்லம், தங்கம்’ என்று விதவிதமாகச் சொல்வது போல மாறாது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களுக்குச் சத்தமும் சாப்பாடும் சேர்ந்து பதிந்த மாதிரி, இந்தச் சொடக்கும் மீனும் நாயின் மனதில் சேர்ந்துவிடும். அப்புறம் இருபதடி தள்ளி நாய் சரியாகச் செய்தாலும் அந்தக் கணத்தை அதற்குக் காட்டிக்கொடுக்க முடிகிறது. மீன் ஒரு நொடி தாமதித்தாலும் பரவாயில்லை, சொடக்கு தாமதிக்கக் கூடாது. நாய் உட்கார்ந்து எழுந்த பிறகு சொடுக்கினால், எழுந்ததற்குத்தான் கூலி என்று அது நினைத்துக்கொள்ளும்.

‘விடு’ கற்றுக்கொடுக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வீட்டிலேயே தொடங்கலாம். நெத்திலித் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடி, முஷ்டியைக் குட்டியின் மூக்குக்கு முன் நீட்ட வேண்டும். ஒன்றும் சொல்லக் கூடாது. குட்டி நக்கும், பிராண்டும், பல்லால் நெம்பிப் பார்க்கும். கை அசையாது. கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் மூக்கை ஒரு அங்குலம் பின்னால் இழுக்கும். அந்த ஒரு அங்குலம்தான் பாடம். டக். இன்னொரு கையிலிருந்து மீன். மூடிய கைக்குள் இருப்பதை ஒருநாளும் கொடுக்கக் கூடாது. ‘விடு’ என்றால் அந்தப் பொருள் நமக்கில்லை, ஆனால் விட்டதற்கு வேறொன்று நிச்சயம் வரும் என்று குட்டி புரிந்துகொள்ள வேண்டும். செவலை முதல் நாள் என் விரல் இடுக்கில் மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. “அதுதான், அதுதான்! குடுங்க தங்கச்சி!” என்று மாஸ்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். கைக்குள் இருப்பது கிடைக்காதபோது கண்ணை நம் முகத்துக்குத் திருப்புகிற குட்டி பாதிப் படிப்பை முடித்துவிட்டது என்பார் அவர்.

அடுத்து, திறந்த உள்ளங்கை. பாய்ந்தால் மூடிக்கொள்ளும், காத்திருந்தால் திறந்தே இருக்கும். அப்புறம் தரையில் வைத்துக் காலால் மறைப்பது. அப்புறம் காலை எடுத்துவிடுவது. அப்புறம் நடந்துகொண்டே தாண்டிப் போவது. நாய் தானாக மூக்கைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் ‘விடு’ என்கிற சொல்லைச் சேர்ப்பார்கள். நாம் அவசரப்பட்டு முதல் நாளே விடு, விடு, விடு என்று கத்தினால், அது மீன் தின்னும்போது கேட்கிற பின்னணிச் சத்தமாகிவிடும்.

கடைசிக் கட்டம் கரையில். பிளாஸ்டிக் மீன் கிரேட்டைக் கவிழ்த்து, அதற்கடியில் நிஜமான பேத்தை. வாசம் வரும், வாய் எட்டாது. கிரேட்டின் மேல் கல். ஒவ்வொரு நாயாகக் கயிற்றில் பிடித்து அதைத் தாண்டி நடத்த வேண்டும். முடிந்த கையோடு மாஸ்டர் அந்த மீனைக் குழி தோண்டி ஆழமாகப் புதைப்பார், மேலே கல்லை வைப்பார். இறால் பண்ணைக்காரரின் டாபர்மேன் தோப்பில் முதல் மார்க் வாங்குகிற நாய், கிரேட்டைப் பார்த்ததும் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. தோப்பில் தெரிந்தது கரையில் தெரியாது. இடம் மாறினால் நாய்க்குப் பாடமும் புதுசு. தூரம், நேரம், சுற்றியிருக்கிற இழுப்பு மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டாதீர்கள், ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் குறையுங்கள் என்று மாஸ்டர் அவரிடம் நிதானமாகச் சொன்னார். கிரேட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்று மறுபடி தொடங்கினார்கள். பேத்தை உள்ளே இருக்கிற கிரேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் எஜமானர் முகத்தைப் பார்த்து நின்ற அந்த டாபர்மேனைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது.

‘வா’ இன்னும் கஷ்டமான பாடம். கிடைக்காரப் பையன் அதில்தான் எங்கள் எல்லோருக்கும் வாத்தியார். அவன் உதட்டை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தால், எங்கேயோ கருவேலங்காட்டுக்குள் நிற்கிற மந்தை நாய் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து காலடியில் நிற்கும். எப்படித் தம்பி என்று கேட்டேன். “சீட்டி அடிச்சா கஞ்சிக்கா. இல்லாட்டி ஆட்டுக்கு என்னமோ ஆயிருச்சு. சும்மா அடிக்க மாட்டம்க்கா” என்றான். மாஸ்டர் அதையே பிடித்துக்கொண்டார். நம் வீடுகளில் சும்மா எத்தனை தரம் கூப்பிடுகிறோம்? ஆச்சி ஒரு பேர், பிள்ளைகள் ஒரு பேர். வந்தால் சங்கிலி, வந்தால் குளியல், வந்தால் ‘எங்கடா போன’ என்று ஒரு அடி. வராமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று நாய் முடிவு செய்துவிடுகிறது. கூப்பிட்டு வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் திட்டக் கூடாது. வந்ததும் மீனைக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலும் திரும்ப விளையாட விட்டுவிட வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்ற எண்ணமே அதற்கு வரக் கூடாது.

இதைப் பழக்க நாங்கள் பயன்படுத்துவது படகில் கழித்துப் போட்ட நைலான் கயிறு. பத்து மீட்டர் நீளம், முடிச்சு இல்லாமல். கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது, ஓடிப்போய் இழுபட்டால் கழுத்து அடிபடும். மார்பைச் சுற்றிப் போடுகிற பட்டையில்தான் மாட்ட வேண்டும். கயிற்றைத் தரையில் இழுபட விட்டு நாய் போகிற போக்கில் போக விடுவோம். ஒரே தரம் ‘வா’. வராவிட்டால் திரும்பத் திரும்பக் கத்தாமல், பின்னால் திரும்பி ஓட வேண்டும். துரத்துவதைவிட ஓடுவது நாயை நம்மிடம் இழுக்கும். கயிறு அது தப்பிப்போகாமல் இருக்கத்தான்.

இந்த ‘வா’ நாய்க்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் எங்கள் கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழியை நாய் ஒரே ராத்திரியில் தோண்டித் தின்றுவிடும். சுமார் 50 நாள் மணலுக்குள் கிடந்து பொரிய வேண்டிய முட்டைகள் அவை. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். அவற்றுக்காகத் தனுஷ்கோடியில் 2025-ல் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்து, சேற்றில் அலகை விட்டு இரை அரித்துக்கொண்டிருக்கிற பறவைக் கூட்டத்துக்குள் ஒரு நாய் ஓடினால், மொத்தமும் கிளம்பிவிடும். நாய்க்கு அது விளையாட்டு, பறவைக்கு இரை நேரமும் தெம்பும் போகிறது. சுற்றுலா வருகிறவர்கள் நாயை ஏவிவிட்டு அதைப் படம் பிடிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ராமேஸ்வரம் சாலையில் பஸ்ஸும் வேனும் போகிற வேகத்தையும், ரயில் பாதை ஊரை ஒட்டிப் போவதையும் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்துக்கென்றே மாஸ்டர் ஒரு பாடம் வைத்திருக்கிறார், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலைக் கொடுக்கிற பாடம். கைகுலுக்க அல்ல, முள் எடுக்க. சீமைக்கருவேல முள் குத்தாத நாய் ராமநாதபுரத்தில் ஏது? முள் ஏறி, சீழ் பிடித்து, தொடப் போனால் கடிக்கிற நாயை நாலு பேர் அமுக்கிப் பிடித்து வாயைக் கட்டுகிற காட்சி எல்லா ஊரிலும் உண்டு. குட்டியிலேயே பழக்கினால் அது வேண்டாம். பாதத்தை ஒரு விரலால் தொடு, டக், மீன். கையில் ஏந்து, டக், மீன். விரலிடுக்கை விரித்துப் பார், நகத்தை அழுத்திப் பார், இடுக்கியின் பின்பக்கத்தால் தொடு. இதே மாதிரி காதைத் திருப்பி உண்ணி பார்ப்பது, உதட்டைத் தூக்கி ஈறு பார்ப்பது, வாயைத் திறப்பது. நாய் காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும், அது திரும்பக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். போன மழைக்குப் பிறகு செவலை நொண்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து முன்னங்காலை நீட்டியது. சதைக்குள் ஒடிந்து நின்ற முள்ளை என் மாமியார்தான் ஊசியால் நெம்பி எடுத்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுத்திருந்தது. “ஏயப்பா, நம்ம வீட்டுப் பிள்ளைக கூட இப்படிக் காட்டாதுக” என்று அதன் தலையைத் தடவிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு நெத்திலி காயவைப்பது அவர்தான்.

நாட்டு நாய்க்குப் படிப்பு ஏறாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டது. கர்நாடகத்து முதோல் குட்டிகளை 2016-ல் மீரட்டுக்குக் கொண்டுபோய் ராணுவம் பழக்கத் தொடங்கியது. அதெல்லாம் பேர் வாங்கிய இனங்கள் என்பீர்கள். பேர் இல்லாத செவலையையும் கருப்பனையும் வைத்துத்தான் நான் பேசுகிறேன். லேப்ரடார் எதற்கெடுத்தாலும் வாலாட்டிக்கொண்டு செய்யும், உண்மை. நாட்டு நாய் ஒரு நிமிடம் நின்று யோசிக்கும், எனக்கு என்ன லாபம் என்று பார்க்கும். லாபம் நிச்சயம் என்று தெரிந்துவிட்டால் அதன் கவனம் அசையாது. கரையில் வளர்ந்த நாய்க்கு எந்தப் படகில் எப்போது மீன் கழிவு விழும் என்று தெரிந்திருக்கிறது, எந்த ஆள் கல்லெறிவார் என்று தெரிந்திருக்கிறது. இவ்வளவும் கற்றுக்கொண்ட மூளைக்கு ‘விடு’ ஏறாதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், மீன் கழிவு குறைந்துபோகும். இறங்குதளத்து நாய்கள் பசியில் தெருவுக்குள் வரும், கோழியைப் பிடிக்கும், பிள்ளைகளின் கையில் இருக்கிற தீனிப் பொட்டலத்தைப் பறிக்கும். ஊர் கோபப்படும். அந்த மாதங்களில் மாஸ்டர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோப்புக்கு வரச் சொல்லி, நாய் எதிரில் வந்தால் ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை நேராகப் பார்க்காமல் மரம் மாதிரி நிற்கப் பழக்குகிறார். சாப்பிடுகிற நாயின் பக்கத்தில் போகாதே, குட்டி போட்ட தாயின் பக்கத்தில் போகாதே, கட்டிப்போட்ட நாயைச் சீண்டாதே. பஞ்சாயத்தும் கால்நடை மருந்தகமும் சேர்ந்து, கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போடுகிற முகாம்களிலேயே இதையும் ஒரு மணி நேரம் வைத்தால் என்ன? கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு தோப்பும் ஒரு மாஸ்டரும் வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய செலவில்லை. கயிறு, நெத்திலி, பொறுமையான ஒரு ஆள்.

நாயை விட்டுவிட்டுப் போங்கள், ஒரு மாதத்தில் பழக்கித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. நான் சேர்க்க மாட்டேன். நாய் அங்கே யாருக்குக் கட்டுப்படப் பழகுகிறதோ அவருக்குத்தான் கட்டுப்படும், வீட்டுக்கு வந்தால் பழைய கதை. எந்த வகுப்பாக இருந்தாலும் முதலில் நாய் இல்லாமல் தனியாகப் போய் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். பார்க்கவே விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நாய்களின் வாலைப் பாருங்கள், பயிற்சி கொடுப்பவர் கையை ஓங்கினால் எத்தனை நாய் பதுங்குகிறது என்று பாருங்கள். கழுத்தில் முள் பட்டை போட்டிருந்தால், ஊசி அட்டையைக் கேட்கவில்லை என்றால், அங்கே வேண்டாம்.

வளர்ந்த நாயைக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. குட்டியைவிடக் கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். கடிக்கிற பழக்கம் உள்ள நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாஸ்டர் அதைத் தனியாகப் பார்ப்பார். ஐப்பசி, கார்த்திகையில் தோப்பில் தண்ணீர் நிற்கும், வகுப்பு இருக்காது. தை பிறந்ததும் புதுக் குட்டிகளைச் சேர்ப்பார்கள். அட்டையை மறக்காதீர்கள். காலையில் சோறு வைக்காமல், கொஞ்சம் பசியோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். குடிக்க நல்ல தண்ணீர் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், தோப்புக் கிணற்றுத் தண்ணீர் உப்பு.